முதலில் எழுது, அப்புறம் கழற்று

2021-ம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இருக்கும் என் பட்டறையில் ஒரு வாத்தியார் தன் பைக்கை விட்டுவிட்டுப் போனார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வண்டி. முன்விளக்கு விட்டு விட்டு எரிகிறது, அவ்வளவுதான் கம்ப்ளெய்ன்ட். முன்பக்கக் கவரைக் கழற்றி, வழியில் இருந்ததையெல்லாம் அவிழ்த்து, லூசாக இருந்த சாக்கெட்டைச் சரி செய்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். முக்கால் மணி நேர வேலை. விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

மூன்று நாள் பிடிக்கவில்லை.

பிளக்கை மாற்றினேன். பம்பைக் கழற்றிப் பார்த்தேன். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரைக் கழுவினேன். கடைசியில் ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வாத்தியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவு சொல்ல வாயெடுத்த நேரம், ஸ்பேர் கடையில் பழக்கமான ஒரு பையன் அந்தப் பக்கம் வந்தான். முன்பு ஷோரூமில் வேலை பார்த்தவன். கவருக்குள் டார்ச் அடித்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டினான். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தான். ஒரே அழுத்தலில் வண்டி பிடித்தது.

"அண்ணாச்சி, இது சாய்வு சென்சாரு. வண்டி கீழ விழுந்தா பெட்ரோல நிப்பாட்டிரும். நீங்க தலகீழா மாட்டியிருக்கிய. வண்டி கவுந்து கெடக்குன்னுல்லா அது நெனச்சிட்டு இருக்கு."

அந்தப் பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம் மேலே என்று எழுதியும் இருந்தது. வாத்தியாரிடம் விளக்கு வேலைக்கு மட்டும் காசு வாங்கினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தச் சென்சாரைப் பற்றி எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் வீடியோவில் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் ஸ்பேனர் பிடித்தது 1998-ல், பதினான்கு வயதில். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு என்பார்கள். தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம், எழுந்தால் காலேஜ். அந்த ஊரில் பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் பட்டறைக்கு வந்தவன் நான். அன்றைக்குக் கற்ற, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருபது வருஷத்துக்குச் சோறு போட்டது. பிறகு எல்லாம் அவசரமாக மாறியது. 2017 மார்ச் கடைசியில், பிஎஸ்-3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல, ஷோரூம்களில் தள்ளுபடிக்குக் கூட்டம் முண்டியடித்தது நினைவிருக்கலாம். 2019-ல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. நடுவில் பிஎஸ்-5 என்ற படியையே நாடு தாண்டிக் குதித்துவிட்டது. வாழைத்தார் ஏற்றிப் போகும் எக்செல் மொபெட்டிலேயே கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்-6 வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஊரடங்கு வந்துவிட்டது. கடை அடைப்பு. படிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா என்று காலையிலிருந்து ராத்திரி வரை வீடியோ பார்த்தேன். தமிழ், மலையாளம், புரியாத இந்தி எல்லாம். பார்க்கப் பார்க்க எல்லாம் புரிந்தது. அந்தப் புரிதல்தான் என்னை ஏமாற்றியது. அடுத்தவன் கழற்றி மாட்டுவதைப் பார்க்கும்போது நமக்கே கை வந்துவிட்டது போல இருக்கும். கடையைத் திறந்து வண்டி முன்னால் உட்கார்ந்தபோது கை வெறுங்கையாகத்தான் இருந்தது.

வாத்தியார் வண்டி போன ராத்திரி எனக்கு என் மேஸ்திரி ஞாபகம் வந்தார். இன்ஜினைத் திறப்பதற்கு முன் என்னைப் பார்த்து, "என்னல நெனைக்க?" என்பார். தெரியலையே என்றால் விடமாட்டார். "தொறக்கதுக்கு முந்தி சொல்லுல. தொறந்த பொறவு எவனும் சொல்லிருவான்." தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார். சொல்லாமல் நின்றால்தான் 'மூதி' விழும்.

மறுநாள் எண்பது பக்க ரூல் நோட்டு ஒன்று வாங்கினேன். நாள், வண்டி, கம்ப்ளெய்ன்ட், என் கெஸ், கடைசியில் இருந்த கோளாறு என்று ஐந்து கட்டம். வண்டியில் கை வைப்பதற்கு முன் நான்காவது கட்டத்தை நிரப்பியாக வேண்டும். ஒரு வரி போதும். 'இன்ஜெக்டர் அடைப்பு', 'பேட்டரி வீக்', இப்படி. முடிந்த பிறகு ஐந்தாவது கட்டம். என் பட்டறையில் வேலை பார்க்கும் பையன் அதற்கு கெஸ் நோட்டு என்று பேர் வைத்துவிட்டான்.

முதல் மாதம் பாதிக்கு மேல் தப்பு. எழுதி வைக்காமல் இருந்தவரை எனக்கு அது தெரியவே தெரியாது. கோளாறு கண்டுபிடித்த பிறகு, 'அதானே, நானும் இதைத்தான் நினைத்தேன்' என்று மனசு சொல்லிவிடும். பேனாவால் எழுதியிருந்தால் அப்படி நழுவ முடியாது.

இன்னொன்றும் நடந்தது. தப்பானவற்றை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். நான் சென்சார், ஈசியு என்று பெரிதாக எழுதிய இடங்களில் எல்லாம் கடைசியில் இருந்தது பச்சை பிடித்த கனெக்டர், லூசான எர்த், எலி கடித்த வயர். அதுவரை நான் ஈசியு பற்றிய வீடியோக்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டு சொன்னது வேறு: உனக்கு வயரிங் தெரியவில்லை, அதைப் படி. அடுத்த இரண்டு மாதம் வேறு எதையும் தொடவில்லை. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது, காட்டினால் எர்த் சரியில்லை. இந்த ஒரு சோதனை அந்த வருஷம் எனக்கு மிச்சப்படுத்திய நேரத்துக்குக் கணக்கில்லை.

புதுசு என்று பயந்ததில் பாதி, பழசு வேறு சட்டை போட்டு வந்ததுதான் என்பது மெதுவாகத்தான் பிடிபட்டது. இன்ஜின் சூட்டைப் பார்க்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். அது குளிர்ச்சி என்று சொன்னால் ஈசியு பெட்ரோலைக் கூட்டும். காலையில் நாம் சோக் இழுத்தோமே, அதே வேலை. சரியாக விளங்கட்டும் என்று ஒரு பழைய சென்சாரை வீட்டுக்குக் கொண்டுபோய், டம்ளர் தண்ணீரில் முக்கி மீட்டரை வைத்தேன். ஒன்றே முக்கால் கிலோ ஓம் காட்டியது. வெந்நீரை ஊற்றினேன். சரசரவென்று இறங்கி முந்நூறு ஓம் பக்கம் வந்து நின்றது. "ஏங்க, அது குடிக்கிற டம்ளரு" என்று வீட்டில் சத்தம். அந்த டம்ளர் இப்போது பட்டறையில்தான் இருக்கிறது. சூடு கூடினால் ஓம் குறையும் என்பதை வீடியோவில் பத்து தடவை கேட்டிருப்பேன். கண் முன்னால் இறங்கியதை ஒரு தடவை பார்த்தது போதும்.

சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரும் அப்படித்தான். மேஸ்திரி பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. அந்தச் சென்சார் அதையே புகையிலிருந்து கண்டுபிடித்து வோல்ட்டில் சொல்கிறது: 0.45-க்குக் கீழே குறைவு, மேலே கூடுதல். மேஸ்திரியின் கண்ணை ஒரு குழாயில் திருகி வைத்தது போல. இப்படி ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் பழைய வண்டியில் இந்த வேலையை யார் செய்தார்கள் என்று கேட்டுக்கொள்வேன். அநேகமாக ஆள் அகப்பட்டுவிடுவான்.

அப்புறம் ஐந்து வோல்ட். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கும் சென்சாருக்கு மூன்று வயர். ஒன்றில் ஈசியு 5 வோல்ட் அனுப்பும், ஒன்று எர்த், மூன்றாவதில் பதில் வரும். மூடியிருந்தால் அரை வோல்ட் பக்கம், முழுக்கத் திறந்தால் நாலு வோல்ட்டுக்கு மேல். நடுவில் துள்ளாமல் சீராக ஏற வேண்டும். இதை ஒழுங்காகப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. வட்டியோடு அது திரும்பி வந்த கதை கீழே வரும்.

மறதிக்கு என்ன செய்வது? சில கோளாறு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதற்குள் போன தடவை செய்தது மறந்துவிடும். அண்ணன் மகள் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் 1885-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார் என்றாள். அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்களை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத்தானே சோதித்துக்கொண்டாராம். "அந்த ஆளுக்கு என்ன கோட்டியாட்டி?" என்றேன். ஆனால் அவள் சொன்ன விஷயம் உறைத்தது. படித்த கையோடு மறதி வேகமாக வருகிறது. விட்டு விட்டு ஞாபகப்படுத்தினால் நிற்கிறது.

அதிலிருந்து வீடியோவை ஒரு தடவைதான் பார்க்கிறேன். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து ஷட்டரின் உள்பக்கம் அந்த வயரிங்கை வரைவேன். முதல் தடவை முக்கால்வாசி வராது. வராத இடத்தை மட்டும் திரும்பப் பார்ப்பேன். மறுநாள் காலை கடை திறக்கும் முன் அழித்துவிட்டு இன்னொரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. டீ கொண்டுவரும் தம்பி, நான் கோலம் போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான்.

இங்கிலீஷ் தடையாக இருந்தது உண்மை. சர்வீஸ் மேனுவல் முழுக்க இங்கிலீஷ். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போகலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு மேனுவலை உட்கார்ந்து புரட்டினால், திரும்பத் திரும்ப வருவது ஐம்பது அறுபது வார்த்தைகள்தான். ஓப்பன், ஷார்ட், கிரவுண்ட், கண்டினியூட்டி, டார்க், வயர் நிறங்களின் சுருக்கெழுத்து. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றை எழுதிக்கொண்டேன். இங்கிலீஷ் இன்னும் தெரியாது. மேனுவல் படிக்கத் தெரியும்.

விட்டது எவை என்பதையும் சொல்ல வேண்டும். மெக்கானிக் வாட்ஸ்அப் குழு ஏழில் இருந்தேன். காலையில் எழுந்தால் முந்நூறு செய்தி, அதில் இருநூறு குட் மார்னிங். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியே வந்தேன். அதையும் ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன். ஈசியு புரோகிராமை மாற்றி வேகம் கூட்டும் வேலை, மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து செல் மாற்றும் வேலை இரண்டையும் கற்கவில்லை. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் என் பட்டறை தாங்காது. அதற்கென்று இருக்கும் ஆளிடம் அனுப்பிவிடுவேன். கருவிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே காரணத்துக்காக மூன்று வண்டியை வெளியே அனுப்பியதாக நோட்டு காட்டினால்தான் வாங்குவேன். ஸ்கேனர் அப்படித்தான் வாங்கினேன், எல்லோரும் வாங்கி ஒரு வருஷம் கழித்து. அதுவரை, சாவி போட்டதும் மினுக்கும் இன்ஜின் விளக்கை எண்ணியே ஓட்டினேன். சில வண்டிகளில் நீண்ட மினுக்கு பத்து, குட்டை மினுக்கு ஒன்று; இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் 21-ம் நம்பர் கோளாறு.

மதுரையில் ஒரு ஸ்பேர் கம்பெனி நடத்திய ஒருநாள் டிரெய்னிங்குக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை டீ-ஷர்ட்டும் பிரியாணியும் கிடைத்தது. இரண்டாம் தடவை நோட்டில் விடை கிடைக்காத மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போய், டீ இடைவேளையில் அந்த இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றுக்கும் விடை பத்து நிமிஷத்தில் கிடைத்தது. பிரியாணி அந்தத் தடவை சுமார்தான்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையைப் பற்றி நெல்லைக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணீர். என் பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் வடிந்த மறுநாளிலிருந்து குட்டியானையில் நாலு நாலாக வண்டிகள் வந்து இறங்கின. சீட்டுக்கு மேல் சேறு.

முங்கிய இன்ஜெக்ஷன் வண்டியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் ஐந்தாறு வண்டியில் கெஸ் நோட்டு முழுக்கத் தப்பு. மூன்றாம் நாள் ராத்திரி, சரியானதையும் சொதப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஷட்டரில் வரிசையாக எழுதினேன். சாவியைத் தொடாதே. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்று. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவு, சேறு காய்ந்தால் கனெக்டர் கழலாது. பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கர் அடி, உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரட்டும். பிளக்கோடு ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் முழுக்க வடி, புதுசு ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி அதையும் வடி. கனெக்டர் ஒவ்வொன்றையும் பிரித்து, ஸ்பிரே அடித்து, காற்றுப் பிடித்து, கடைசியில்தான் பேட்டரி.

அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஓடிவிட்டன. வீட்டிலேயே ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்துவிட்டுக் கொண்டு வந்தவைதான் படுத்தன. ஒரே கோளாறு நாற்பது தடவை அடுத்தடுத்து வந்ததில், இரண்டு வருஷத்துப் படிப்பு இரண்டு வாரத்தில் முடிந்தது. அப்படி ஒரு பள்ளிக்கூடம் இனி வேண்டாம் சாமி.

இப்போது அந்த ஐந்து வோல்ட். போன வருஷம், பூக்கட்டி விற்கும் அக்கா ஒருத்தர் மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "தம்பி, லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது, முறுக்குனா நகர மாட்டேங்கு. பேட்டரி போச்சுன்னு ஒருத்தன் சொல்லுதான். ஒனக்கு இது தெரியுமா?"

தெரியாது என்றுதான் சொன்னேன். உட்கார்ந்து பார்த்தால் முறுக்கும் கைப்பிடியிலிருந்து மூன்று வயர் வருகிறது. மனசுக்குள் மணி அடித்தது. நோட்டில் 'ஆக்சிலேட்டர்' என்று எழுதினேன். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றி வைத்து (60 வோல்ட் பேட்டரி, விளையாட்டில்லை), மீட்டரை வைத்தேன். ஒன்றில் 5 வோல்ட். ஒன்று எர்த். மூன்றாவதில் 0.8 இருந்தது, முழுக்க முறுக்கினாலும் 0.8-ஐ விட்டு நகரவில்லை. நாலு வோல்ட் பக்கம் ஏறியிருக்க வேண்டும். கைப்பிடியை மட்டும் மாற்றினேன், சில நூறு ரூபாய். அக்கா மறுநாள் ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்து மேஸ்திரி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் மகள் போனில் ஏஐ வந்த பிறகு அதையும் கேட்கிறேன். ஒரு தடவை வயர் நிறங்களை அடுக்கடுக்காகச் சொன்னது. அளந்து பார்த்தால் நிறமே ஒத்துவரவில்லை, வேறு மாடலுடையது. கோபித்துக்கொண்டு பயனில்லை; ஷோரூம் ஆட்களும் சில நேரம் அப்படித்தான் அடித்துவிடுவார்கள். இப்போது நோட்டில் 'போன் சொன்னது' என்று ஒரு கட்டம் கூடியிருக்கிறது. அதுவும் ஒரு கெஸ், மீட்டர் வைத்த பிறகுதான் நம்புவது.

பையனுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதைப் பார்க்காமல் அவன் எழுத வேண்டும், அவனுடையதைப் பார்க்காமல் நான். தோற்றவன் டீ வாங்க வேண்டும்.

போன வாரம் ஒரு வண்டி. இருபது நிமிஷம் ஓடினால் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பிடிக்கிறது, திரும்ப நிற்கிறது. ஸ்கேனரில் ஒரு கோளாறும் காட்டவில்லை. நான் எழுதியது: 'பம்ப், சூடானால் கரண்ட் வாங்கவில்லை.' பக்கத்திலேயே ஒரு சின்ன சர்க்யூட் படம் வேறு. பையன் எழுதியது ஒரே வார்த்தை: 'மூடி.'

"என்னல இது?"

"பெட்ரோல் டேங்க் மூடிண்ணே. காத்துப் போற ஓட்ட அடைஞ்சிருந்தா? நீங்கதான ஒருநா சொன்னிய, ஒங்க மேஸ்திரி மொதல்ல மூடியத்தான் தொறப்பாருன்னு."

ஐகிரவுண்ட் வரை ஓட்டிப் போனோம். ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் வண்டி நின்றது. மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. சாவியைப் போட்டேன், உடனே பிடித்தது.

பக்கத்திலேயே டீக்கடை இருந்தது. அவன் வடையும் எடுத்துக்கொண்டான்.